பெயர் மறைத்த ரொட்டி

ஓர் ஊரின் பெயர் நாடெங்கும் பரவுவதற்கு மன்னர்களின் படையெடுப்புத்தான் வேண்டும் என்பதில்லை. ஓர் அடுப்பும் கைப்பக்குவமும் போதும். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு இவ்வுண்மையை நாம் எடுத்துரைக்க வேண்டிய தேவையே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரைக் கேட்டதும், அந்நகரை ஒருமுறைகூடக் கண்டிராதவர்களின் நாவிலும் பால்கோவாவின் இனிமை ஊறுகின்றது. 2019 ஆம் ஆண்டில் அப்பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில் அண்டையிலுள்ள கோவில்பட்டியின் கடலைமிட்டாய் அச்சிறப்பைப் பெற்றது. விறகு அடுப்பில் சுட்டெடுக்கப்படும் ஊட்டி வர்க்கி 2023 இல் அதே வரிசையில் சேர்ந்தது.

சோழபுரம் போன்ற சிற்றூர்களுக்கு அத்தகைய குறியீடு எதுவும் இல்லை. ஆயினும் அங்கும் அடுப்புகள் எரிகின்றன. அங்கும் பக்குவம் அறிந்த கைகள் இருக்கின்றன. அக்கைகளை நாம் எவ்வாறு மதிப்பிடுகின்றோம்? பண்டத்தைச் சுவைத்து மதிப்பிடுகின்றோமா, அல்லது அது எவருடைய வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டறிந்து மதிப்பிடுகின்றோமா? இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறைக்காமல் கூறிவிட்டே இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தாய்மார்களுக்கென ஒரு போட்டி நடைபெற்றது. பழைய முறையில் ரொட்டியும் கேக்கும் செய்துகொண்டு வர வேண்டும் என்பது நிபந்தனை. நடுவர்களுள் ஒருவராக நம்மையும் அமர்த்தியிருந்தார்கள். மேசைமீது வரிசையாகத் தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சிறு சீட்டு. அதில் செய்தவரின் பெயரும் வீட்டாரின் பெயரும் தெருவும் எழுதப்பட்டிருந்தன. ஊரறிந்த ஒரு குடும்பத்தின் கேக்குக்கு நாம் முதலிடம் அளித்தோம். தீர்ப்பை எழுதிக் கொடுத்த பிறகு, தேநீர் வரும்வரை காத்திருந்த வேளையில், கடைக்கோடியில் இருந்த ஒரு சிறிய கேக்கிலிருந்து ஒரு துண்டை மீண்டும் எடுத்துச் சுவைத்தோம். மண்சட்டியில் மணல் பரப்பி, அதனுள் பாத்திரத்தை இறக்கி, மூடியின்மேல் சிரட்டைத் தணலை இட்டு, கீழும் மேலுமாகச் சூடு கொடுத்துச் சுட்ட பண்டம் அது. அலங்காரம் ஏதுமில்லை. ஆனால் முதலிடம் பெற்றதைவிட அதுவே சிறந்தது என்பதை அந்த ஒரு துண்டு நமக்கு உணர்த்திவிட்டது. முதல்முறை சுவைத்தபோது இதனை நாம் ஏன் அறியவில்லை? நாவு அறிந்திருக்கும், சீட்டைப் படித்த கண்தான் அதனைப் பேசவிடவில்லை. அந்த அம்மையார் ஒன்றும் கூறாமல் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு சென்றார்கள்.

அன்று முதல் ரொட்டியின் வரலாற்றைப் படிக்கும் போதெல்லாம், அதனைத் தீர்ப்பளித்தவர்களின் வரலாற்றையும் சேர்த்தே நாம் படித்து வருகின்றோம். அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றை வாசகர்களின் முன் வைக்கின்றோம்.

கடல் கடந்து வந்த சொற்கள்

தமிழர்களுக்கு மாவைப் புளிக்க வைக்கும் கலை புதிதன்று. இட்லியும் ஆப்பமும் அதற்குச் சான்று. ஆனால் கோதுமை மாவைப் பிசைந்து, புளித்துப் பொங்க வைத்து, நாற்புறமும் மூடிய சூளையில் சுட்டெடுக்கும் ரொட்டி, போர்த்துக்கீசியரின் கப்பல்களோடு நம் கரைகளுக்கு வந்தது. 1505 ஆம் ஆண்டில் அவர்கள் இலங்கையை அடைந்தார்கள். அவர்களது ஆட்சி மறைந்து நூற்றாண்டுகள் பல கழிந்துவிட்டன. அவர்களது சொற்கள் மட்டும் மறையவில்லை. இலங்கைத் தமிழர்கள் இன்றும் ரொட்டியைப் ‘பாண்’ என்றே அழைக்கின்றார்கள். அது சுடப்படும் சூளையைப் ‘போறணை’ என்கின்றார்கள். இரண்டும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. நம் பாட்டிமார்கள் ‘பிஸ்கோத்து’ என்று சொன்னதும் அதே மொழியின் கொடைதான்.

போர்த்துக்கீசியருக்குப்பின் வந்த ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். ஈஸ்ட் இட்டுப் பொங்க வைத்துச் சுடும் ‘புரூடர்’ என்னும் கேக்கை அவர்கள் இலங்கையில் விட்டுச் சென்றார்கள். அவர்களது வழித்தோன்றல்களின் பண்டிகை மேசையில் அது நெடுங்காலமாக இடம் பெற்று வந்துள்ளது. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தார் ரொட்டி சுடும் இடத்துக்கு ‘வெதுப்பகம்’ என்று ஓர் அழகிய தமிழ்ப்பெயரும் சூட்டினார்கள்.

மாவைப் பொங்க வைப்பதற்குரிய பொருள் கிடைக்காதது அக்காலத்து ரொட்டிக்காரர்களுக்குப் பெரும் இடர்ப்பாடாக இருந்தது. கோவாவில் அதற்குக் கள்ளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் கள்ளின் துணையின்றியும் ரொட்டி பொங்கும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். கோதுமை மாவையும் நீரையும் கலந்து வைத்து, நாள்தோறும் சிறிது புதிய மாவும் நீரும் சேர்த்து வந்தால், சில நாட்களில் அது தானே நுரைத்து எழும். மாவிலேயே இயல்பாக உள்ள நுண்ணுயிர்களின் வேலை அது. நேற்றைய மோரைக் கொண்டு இன்றைய பாலை உறைய வைக்கும் நம் தாய்மார்களுக்கு இவ்வுறைமாவின் தத்துவம் எளிதில் விளங்கும்.

தலச்சேரியில் ஒரு சோதனை

மேல்நாட்டுப் பண்டமொன்று நம்மவரின் கையில் சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று அண்டை மாநிலத்தில் நடந்தது. மலபாரின் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர் 1880 ஆம் ஆண்டில் ஒரு பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கினார். பர்மாவுக்குச் சென்று அங்கே அத்தொழிலைக் கற்றுவந்தவர் அவர். 1883 இல், அஞ்சரக்கண்டியில் இலவங்கப்பட்டைத் தோட்டம் வைத்திருந்த பிரௌன் என்னும் வெள்ளைக்காரர், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கை அவரிடம் கொடுத்துச் சுவைக்கச் செய்து, அதைப்போல் ஒன்றைச் செய்து தர முடியுமா என்று கேட்டதாகத் தலச்சேரியில் வழிவழியாகக் கூறப்படுகின்றது.

 சுவைத்த நாவின் நினைவும், தம் கையின் பழக்கமும் அவருக்குத் துணை. உள்ளூரில் கிடைத்த பொருள்களையும் சேர்த்து அவர் ஒரு கேக்கைச் சுட்டுக் கொடுத்தார். அதைச் சுவைத்த தோட்டக்காரர் மகிழ்ந்து மேலும் பல கேக்குகளுக்குச் சொல்லிவைத்தார் என்பர். அக்குடும்பத்தார் அத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகின்றார்கள். தலச்சேரியும் கேக்குக்குப் பெயர் பெற்ற ஊராயிற்று.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆளுவோர் வேறு, ஆளப்படுவோர் வேறு என்றிருந்த காலம் அது. ஆயினும் ஒரு கேக்கைத் தட்டில் வைத்ததும், தீர்ப்பளிக்கும் வேலை நாவிடம் வந்துவிட்டது. நாவு நேர்மையான நீதிபதி. அதனை நேர்மையாக இருக்கவிட்டால்!

முஹ்தசிபின் கண்காணிப்பு

ரொட்டியை மதிப்பிடும் பொறுப்பை ஒரு பொதுப்பணியாகவே கருதிய சமுதாயங்கள் பல இருந்தன. முஸ்லிம் நகரங்களின் கடைவீதிகளில் ‘முஹ்தசிப்’ என்னும் மேற்பார்வையாளர் நியமிக்கப்பட்டிருந்தார். அளவும் எடையும் சரியாக இருக்கின்றனவா, பண்டங்களில் கலப்படம் உண்டா என்று ஆராய்வது அவரது கடமை. 12 ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ அவர்கள் இப்பணியாளர்களுக்கென்றே ஒரு கையேட்டை எழுதினார்கள். அதில் ரொட்டிக்காரர்களைப் பற்றிய பகுதி, இன்றைய சுகாதார ஆய்வாளர்களும் படித்து வியக்கத்தக்கது.

மாவு பிசைபவர் கால்களாலோ முழங்காலாலோ முழங்கையாலோ பிசையலாகாது. அவர் இறுக்கமான கைகளையுடைய ஆடை அணிய வேண்டும். தும்மினாலோ பேசினாலோ எச்சில் தெறித்துவிடக் கூடுமாதலால் வாயை மூடியிருக்க வேண்டும். நெற்றி வியர்வை மாவில் விழாதிருக்க ஒரு துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். கையிலுள்ள மயிர் உதிர்ந்து கலவாதிருக்க அதனை மழித்துவிட வேண்டும். பகலில் பிசையும்போது ஈ ஓட்டுவதற்கு ஒருவர் அருகில் நிற்க வேண்டும். கடையின் கூரை உயரமாகவும், புகை வெளியேறப் போதிய வழியுடனும் அமைய வேண்டும்.

இவ்விதிகளுள் எதுவும் ரொட்டிக்காரர் இன்னார் மகன் என்று கேட்கவில்லை என்பதை வாசகர்கள் நோக்க வேண்டும். கை தூய்மையா, மாவு தூய்மையா, எடை சரியா என்பவையே கேள்விகள்.

ஐரோப்பியரும் இதனை வேறு வழியில் உணர்ந்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1266 ஆம் ஆண்டளவில், தானியத்தின் விலைக்கேற்ப ரொட்டியின் எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டம் வகுக்கப்பட்டது. பிரான்சிலோ ரொட்டி அரியணையையே அசைத்தது. 1789 அக்டோபர் 5 ஆம் நாள், ரொட்டி கிடைக்காமல் கொதித்தெழுந்த பாரிஸ் நகரப் பெண்கள் வெர்சேல்ஸ் அரண்மனையை நோக்கி நடந்தார்கள். மறுநாள் மன்னரையும் அரசியையும் இளவரசரையும் பாரிசுக்கு அழைத்து வந்தபோது, ரொட்டிக்காரரும் அவர் மனைவியும் மகனும் வருகின்றார்கள் என்று கூட்டத்தினர் முழங்கினார்களாம். 1793 இல் புரட்சி அரசு, செல்வருக்கு வெள்ளை ரொட்டி, ஏழைக்குத் தவிட்டு ரொட்டி என்ற வேறுபாட்டை ஒழித்து, எல்லோருக்கும் ஒரேவகைச் ‘சமத்துவ ரொட்டி’தான் சுடப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. அவ்வாணை நெடுநாள் நிலைக்கவில்லை. அந்த எண்ணம் மட்டும் அந்நகரை விட்டு முற்றிலும் நீங்கவில்லை என்றே தோன்றுகின்றது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அது வேறொரு வடிவில் அங்கே வெளிப்பட்டது.

பழைய ரொட்டி மீண்ட கதை

பிரான்சின் ரொட்டி என்றதும் நினைவுக்கு வருவது ‘பகெத்’ என்னும் நீண்ட, கோல் போன்ற ரொட்டியாகும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரான்சின் ரொட்டிக்கடைகளில் பெரும் மாற்றம் ஏற்பட்டது. மாவை வேகமாகப் பிசையும் இயந்திரங்கள் வந்தன. பல மணி நேரம் புளிக்க வேண்டிய மாவு, சேர்மானப் பொருள்களின் உதவியால் விரைவில் பொங்கியது. தொழிற்சாலையில் உருட்டி உறையவைத்த மாவை வாங்கிக் கடையில் சுடுவோரும் பெருகினார்கள். ரொட்டி வெண்மையாகவும் பருமனாகவும் இருந்தது. மணத்தையும் சுவையையும் காணவில்லை. பஞ்சு போன்ற ரொட்டியை உறையிலிட்டுப் பலசரக்குக் கடையில் வாங்கும் நமக்கும் இந்நிலை புதிதன்று.

இதனைத் தடுக்க 1993 செப்டம்பர் 13 ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ‘பிரெஞ்சு மரபு ரொட்டி’ என்ற பெயரில் விற்கப்படும் ரொட்டியின் மாவு எந்நிலையிலும் உறைபனியில் வைக்கப்பட்டிருக்கக் கூடாது. சேர்மானப் பொருள்கள் எவையும் அதில் இருக்கலாகாது. கோதுமை மாவு, நீர், உப்பு, பொங்க வைப்பதற்கு ஈஸ்ட் அல்லது உறைமாவு ஆகியவையே அதன் உடல் என்று வரையறுக்கப்பட்டது. அவரை, சோயா போன்ற சில மாவுகளை மிகச்சிறிய அளவில் சேர்ப்பதற்கு மட்டும் இடமளிக்கப்பட்டது.

சட்டம் தடுக்கத்தான் வல்லது. ஆர்வத்தை ஊட்டுவதற்கு வேறொன்று வேண்டும். 1994 ஆம் ஆண்டில் பாரிஸ் நகராட்சி, தன் எல்லைக்குட்பட்ட ரொட்டிக்காரர்களுக்கென ஒரு போட்டியைத் தொடங்கியது. நகரிலேயே சிறந்த மரபுவழிப் பகெத் எது என்பதே போட்டி. வெல்பவருக்கு 4,000 யூரோ பரிசு. அதனினும் பெரிய பரிசு ஒன்றுண்டு: குடியரசுத் தலைவர் வாழும் எலிசே மாளிகைக்கு ஓராண்டுக் காலம் ரொட்டி வழங்கும் உரிமை.

போட்டியின் நடைமுறையைச் சிறிது விரிவாகக் காண்போம். ஒவ்வொருவரும் இரண்டு ரொட்டிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அண்மை ஆண்டுகளின் விதிப்படி, நீளம் 50 முதல் 55 சென்டிமீட்டருக்குள்ளும், எடை 250 முதல் 270 கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு 18 கிராம் உப்பு. முதலில் அளவுகோலும் தராசும் தீர்ப்பளிக்கும். அளவு தவறியவை சுவைத்துப் பாராமலேயே நீக்கப்படும். எஞ்சியவற்றை நடுவர்கள் தோற்றம், வேக்காடு, உள்மென்மை, மணம், சுவை என ஐந்து வகையில் ஆராய்ந்து மதிப்பெண் இடுவார்கள். நடுவர்களுள் தொழில் வல்லுநர்களோடு, சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட சாதாரணக் குடிமக்களும் இருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்றை இறுதியில் கூறுகின்றோம். மேசைக்கு வரும் ரொட்டியின்மேல் செய்தவரின் பெயர் இராது. ஓர் எண் மட்டுமே இருக்கும். அந்த எண்ணுக்குரியவர் யார் என்பது தீர்ப்பு முடிந்த பிறகே தெரியவரும்.

பெயர்தான் இல்லையே தவிர, கையெழுத்து இல்லாமற் போகவில்லை. சூளைக்குள் தள்ளுவதற்கு முன் ரொட்டியின் முதுகில் கூரிய தகட்டினால் சாய்வாகச் சில கீறல்கள் இடுவார்கள். வெப்பத்தில் ரொட்டி தாறுமாறாக வெடிக்காமல், அக்கீறல்களின் வழியே மலர்வதற்கு இது செய்யப்படுகின்றது. சுடத் தொடங்கும் வேளையில் சூளைக்குள் நீராவி நிறைந்திருக்கும். அதனால் மேலோடு உடனே காய்ந்து இறுகாமல் மாவு நன்கு எழும்புகின்றது. பின்னர்ப் பொன்னிறப் பளபளப்பும் மொறுமொறுப்பும் பெறுகின்றது. நிதானமாகப் புளித்த மாவாயின், வெட்டிப் பார்க்கும்போது ஆப்பத்தின் நடுவே தோன்றும் கண்களைப்போல் சிறிதும் பெரிதுமான துளைகள் காணப்படும். ஒவ்வொருவரின் கீறலும் ஒவ்வொரு விதமாக அமைவதால், அதனை ரொட்டிக்காரரின் கையொப்பம் என்றே பிரெஞ்சுக்காரர்கள் அழைக்கின்றார்கள். உழைப்பின் கையொப்பம் இருக்கட்டும், குலத்தின் முத்திரை வேண்டாம் என்பதே இப்போட்டியின் நீதி போலும்.

எண்ணுக்குப் பின்னிருந்த பெயர்கள்

அவ்வாறு எண்களைத் திறந்து பார்த்தபோது வெளிப்பட்ட பெயர்கள் சிந்தனைக்குரியவை. 2008 இல் வென்றவர் துனீசியக் குடும்பத்தில் தோன்றிய அனீஸ் புஅப்ஸா. 2010 இல் வென்றவர் செனகல் நாட்டிலிருந்து சிறுவயதில் வந்த ஜிப்ரீல் போதியான். அவரே 2015 இல் மீண்டும் வென்றார். 2013 இல் துனீசியாவில் பிறந்து இளமையிலேயே பாரிசுக்கு வந்து தொழில் கற்ற ரிதா காதிர். 2017 இல் சமி புஅத்தூர். 2018 இல் மஹ்மூத் மஸத்தி. அவருடைய தந்தை துனீசியாவிலிருந்து வந்து ரொட்டித்தொழிலில் ஈடுபட்டவர். பிரெஞ்சு வழித்தோன்றல்களும் பல ஆண்டுகளில் வென்றிருக்கின்றார்கள் என்பதை மறக்கலாகாது. எந்தப் பெயரும் இன்னொரு பெயரைத் தள்ளிவிட்டு உட்காரவில்லை. அந்தந்த ஆண்டில் சிறந்த ரொட்டி எதுவோ அது வென்றது, அவ்வளவே.

30 ஆவது போட்டி 2023 மே மாதம் நடைபெற்றது. பாரிசின் 20 ஆம் வட்டாரத்தில் பிரனே வீதியிலுள்ள ஒரு கடையின் ரொட்டி முதலிடம் பெற்றது. எண்ணுக்குரிய பெயரைப் பார்த்தார்கள். தர்ஷன் செல்வராஜா என்றிருந்தது.

இலங்கைத் தமிழர் அவர். 2006 ஆம் ஆண்டில் பிரான்சுக்கு வந்தவர். அந்நாட்டின் மொழியும் அந்நாட்டின் ரொட்டியும் அவருடைய இல்லத்தில் பிறந்தவையல்ல. இரண்டையும் அவர் கற்றுக்கொண்டார். பதினேழு ஆண்டுகளுக்குள், அந்நாட்டின் குடியரசுத் தலைவருடைய மாளிகைக்கு ரொட்டி வழங்கும் உரிமை அவரைத் தேடி வந்தது. இதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 2022 நவம்பரில், மொராக்கோவின் தலைநகர் ரபாத்தில் கூடிய யுனெஸ்கோ குழு, பகெத் செய்யும் கைவினையையும் அதனைச் சார்ந்த பண்பாட்டையும் மனித குலத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்திருந்தது. உலகமே போற்றிய அம்மரபை அந்த ஆண்டில் மிகச் செம்மையாகக் காத்த கை, பாணும் சம்பலும் உண்ணும் நாட்டிலிருந்து வந்த கை! 2024 இல் பாரிசில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெறுவதற்கு முன்னர் ஒலிம்பிக் சுடரை ஏந்திச் சென்றவர்களுள் அவரும் ஒருவர்.

வரலாறு எவ்வாறு திரும்பி வருகின்றது என்பதைப் பாருங்கள். ஐரோப்பியர் ஒருவர் மலபாருக்கு ஒரு கேக்கைக் கொண்டுவந்து, இதைப்போல் செய்ய உன்னால் இயலுமா என்று கேட்டார். நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, நம் மொழி பேசும் ஒருவர் ஐரோப்பாவின் நடுவே நின்று, உங்களுடைய ரொட்டியை உங்களுடைய பழைய முறையிலேயே செய்திருக்கின்றேன், சுவைத்துப் பாருங்கள் என்றார். இரு முறையும் விடை சொன்னது நாவுதான்.

இதனால் அங்கே வேற்றுமை பாராட்டுவோரே இல்லை என்று நாம் கூற வரவில்லை. வந்தேறிகள் என்று இகழ்வோர் எந்நாட்டிலும் உண்டு. அத்தகையோர் உள்ள ஊரிலேயே இது நிகழ்ந்தது என்பதுதான் கருதத்தக்கது. மனிதர்களின் உள்ளங்கள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. ஆனால் ஒரு மேசையின் முறையை மாற்றிவிட முடியும். பெயர்ச்சீட்டை எடுத்துவிட்டு எண்ணை வைப்பதற்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டியதில்லை.

நம் மேசைகளில்

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கின்றது. அது தேவையானதே. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று வேறெங்கோ செய்ததை விற்பவனைத் தடுக்க அந்தப் பெயர் வேண்டும். ஆனால் ஊரின் பெயர் காக்கப்படும்போது, அந்த ஊருக்குள் அடுப்படியில் நிற்கும் கையின் மதிப்பும் காக்கப்பட வேண்டாமா? முன்னதைக் காக்கப் பெயரை எழுதுகின்றோம். பின்னதைக் காக்கச் சில வேளைகளில் பெயரை மறைக்க வேண்டியிருக்கின்றது.

சோழபுரத்திலும் அதையொத்த ஊர்களிலும் பள்ளி விழாக்களிலும் மகளிர் கூட்டங்களிலும் சமையற் போட்டிகள் நடத்துவோர் உண்டு. நம் சமுதாயத் தாய்மார்களும் அவற்றில் கலந்துகொள்கின்றார்கள். அவற்றை நடத்துவோருக்குச் சிலவற்றைப் பணிவுடன் சொல்ல விரும்புகின்றோம். முதலாவதாக, தட்டுக்கு எண் கொடுங்கள்; பெயர்ப் பட்டியலை உறையிலிட்டு ஒட்டிவிடுங்கள். இரண்டாவதாக, எல்லாத் தட்டுகளும் ஒரேவகைத் தட்டுகளாக இருக்கட்டும். வெள்ளித்தட்டும் பீங்கான் தட்டும் வாய் திறவாமலே வீட்டாரின் பெயரைச் சொல்லிவிடும். மூன்றாவதாக, பழைய முறை என்று நிபந்தனை விதித்தால், அது எது என்பதையும் எழுதிவையுங்கள்: மாவு எது, நெய்யா எண்ணெயா, எவ்வளவு எடை, தணலா சூளையா என்பன முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அளவுகோல் இல்லாத இடத்தில்தான் செல்வாக்கு அளவுகோலாகிவிடுகின்றது. நான்காவதாக, நடுவர்களுள் ஊரின் பெரியவர்கள் மட்டுமின்றி, அன்றாடம் அடுப்படியில் நிற்கும் ஒருவரும் இடம் பெறட்டும்.

இவற்றால் பழைய பண்டங்களும் பிழைக்கும். சிரட்டைத் தணலில் கேக்குச் சுடத் தெரிந்தவர்கள் இன்று நம் வீடுகளில் மிகச் சிலரே. எவ்வளவு தணல் மேலே, எவ்வளவு கீழே, எந்த மணம் வந்ததும் மூடியைத் திறக்க வேண்டும் என்பவை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாதவை. அவர்களின் கை நின்றுவிட்டால் அக்கல்வியும் நின்றுவிடும். தோற்ற தட்டைத் துணியால் மூடி எடுத்துச் செல்பவர், அடுத்த முறை தட்டைக் கொண்டுவர மாட்டார். தம் மகளுக்கும் அதைக் கற்றுக்கொடுக்க மாட்டார். தவறான ஒரு தீர்ப்பினால் ஒருவருக்குப் பரிசு போவது மட்டுமன்று. ஒரு செய்முறையே போய்விடக்கூடும்.

அன்றைய போட்டியின் தீர்ப்பை நாம் மாற்ற இயலவில்லை. எழுதிக் கொடுத்தாயிற்று, பரிசும் வழங்கப்பட்டாயிற்று. ஆயினும் சில நாட்களுக்குப் பின் அந்த அம்மையாரின் வீட்டைத் தேடிச்சென்று, தங்களுடைய கேக்கே சிறந்தது, தவறு எம்முடையது என்று கூறினோம். அவர்கள் சிரித்தார்கள். “அன்றைக்கே சொல்லியிருந்தால் என் பேத்தி கேட்டிருப்பாளே!” என்றார்கள்.

அந்தச் சொல் இன்னும் நம் செவியில் இருக்கின்றது. இப்போது நம்மை எவரேனும் நடுவராக அழைத்தால், தட்டுகளின் முன் சீட்டுகள் உண்டா என்று முதலில் கேட்கின்றோம். உண்டு என்றால், அவற்றை எடுத்துவிட்டு அழையுங்கள் என்கின்றோம்.